கம்பியில்லாமல் கேட்ட கதை: ரேடியோ நெல்லிலிருந்து இயர்பட்ஸ் வரை



"கேம் ஆடவும் பாட்டு கேட்கவும் ஒரே இயர்பட்ஸ் போதுமா?" வகுப்பில் அடிக்கடி அடிபடும் கேள்வி இது. மாடல்களை வரிசையாக அடுக்கி மார்க் போடும் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. இந்தப் பதிவு கொஞ்சம் பின்னோக்கிப் போகிறது. கம்பியில்லாமல் சத்தம் கேட்பது நம் தஞ்சை மண்ணுக்குப் புதிதல்ல. அந்தக் கதை தெரிந்தால் பதிலும் தானாகக் கிடைக்கும்.

முதலில் 1924. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஆண்டில்தான் சென்னையில் ஒலிபரப்பை ஆரம்பித்தது. அந்தக் காலத்து எளிய கிரிஸ்டல் ரேடியோவுக்கு பேட்டரியே கிடையாது. காற்றில் வரும் அலையின் சக்தி மட்டும்தான். அது ஸ்பீக்கருக்குப் பற்றாது, ஹெட்போனுக்குத்தான் பற்றும். ஆக, கம்பியில்லா ஒலியின் ஆரம்பமே காதை மூடிக்கொண்டு தனியாகக் கேட்பதுதான்! பணத் தட்டுப்பாட்டால் 1927ல் கிளப் நின்றுபோனது. 1930ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. 1938ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையமும், 1939 மே 16ல் திருச்சி நிலையமும் வந்தன.

வால்வு ரேடியோவும் ஸ்பீக்கரும் பரவியதும் சத்தம் காதிலிருந்து தெருவுக்கு வந்தது. பஞ்சாயத்து ரேடியோ பாடினால் ஊரே கேட்கும். 1960-61ல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை-27 வந்தது. ஜப்பானிய ரகத்தையும் நம் நாட்டு ரகத்தையும் கலந்து உருவாக்கிய, குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல் அது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதால் விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் "ரேடியோ நெல்". ஒரு நெல்லுக்கே பெயர் கொடுக்கும் அளவுக்கு அந்தச் சத்தத்துக்கு மதிப்பு இருந்தது.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1979ல் சோனி வாக்மேன் வந்தது. சத்தம் மறுபடி காதுக்குள் போனது. முதல் வாக்மேனில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. பாட்டைத் தணித்துவிட்டு இருவரும் பேசிக்கொள்ள ஒரு பட்டனும் இருந்தது. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப்படுமோ என்ற தயக்கம்தான் காரணம். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டனும் போய்விட்டது. 1994ல் எரிக்சன் நிறுவனத்தில் ஆரம்பித்த வேலை ப்ளூடூத் ஆனது. 2016ல் ஆப்பிள் ஏர்பாட்ஸ் வந்த பிறகு வயரில்லா இயர்பட்ஸ் எல்லார் காதிலும் ஏறிவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சுமார் 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, திருச்சியிலிருந்து தஞ்சைக்கு வர நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். உங்கள் சட்டைப் பையிலிருக்கும் போனிலிருந்து காதிலிருக்கும் இயர்பட்ஸுக்கு? சாதாரண ப்ளூடூத்தில் சுமார் 200 மில்லிசெகண்ட், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆயிரம் மடங்கு தாமதம்!

அலை மெதுவாகப் போகவில்லை. போன் ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி அனுப்புகிறது. வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில் ஓடுவதால் சில துண்டுகள் வழியில் தொலையும், திரும்ப அனுப்ப வேண்டும். அதுவரை பாட்டு நிற்காமலிருக்க இயர்பட்ஸ் கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசிக்கிறது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வந்தாலும் வயல் காயாதபடி குளத்தில் தேக்குகிறோம் அல்லவா, அது மாதிரி. குளம் பெரிதாக இருந்தால் தடையில்லை, ஆனால் தாமதம். சிறிதாக இருந்தால் தாமதமில்லை, ஆனால் விட்டுவிட்டுக் கேட்கும்.

கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. பாட்டுக்குப் பெரிய குளம் நல்லது. 200 மில்லிசெகண்ட் தள்ளி ஆரம்பித்தால் பாட்டுக்கு என்ன நஷ்டம்? வீடியோவில்கூட ஆப் படத்தைக் கொஞ்சம் நிறுத்தி ஒலியோடு சேர்த்துவிடும். கேமில் அது முடியாது. விரல் தட்டும் அதே நொடியில் சத்தம் வேண்டும். எதிரியின் காலடிச் சத்தம் காதுக்கு வருவதற்குள் அவன் சுட்டு முடித்திருப்பான் :) "கேமிங் மோட்" என்று விற்பது பெரும்பாலும் இந்தக் குளத்தைச் சின்னதாக்கும் வேலைதான். அதைப் போட்டால் நெரிசலான இடத்தில் ஒலி அறுபட வாய்ப்பு அதிகம்.

அதனால் வாங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். பாட்டுக்கு, தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தைக் கேளுங்கள். ரீங்காரம் தெளிவாக இருக்கிறதா, காதில் பொருந்தி உட்காருகிறதா? கேமுக்கு, கேமிங் மோட் போட்டு, ஆளும் போனும் நிறைந்த இடத்தில் ஆடிப் பாருங்கள். போட்டிக்கு ஆடுபவர் என்றால் வயர் ஹெட்செட்தான் சிறந்தது, விலையும் குறைவு. இரண்டு வேலையையும் முழுதாகச் செய்கிறேன் என்று சொல்லும் ஒன்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

இன்னொன்று. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. பஞ்சாயத்து ரேடியோ அதிகமாகக் கத்தினால் குறைக்கச் சொல்ல ஊரில் நாலு பேர் இருந்தார்கள். உங்கள் காதுக்குள் எவ்வளவு சத்தம் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. அந்த நாலு பேரின் வேலையையும் இனி நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

நீங்கள் எதற்கு அதிகம் பயன்படுத்துகிறீர்கள், பாட்டுக்கா, கேமுக்கா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.