கணக்கிற்குள் வந்த தூமகேது

தூமகேது தோன்றினால் தீங்கு விளையும் என மக்கள் அஞ்சிய காலம் உண்டு. அவ்வச்சத்தை அகற்றியதில் கணிதத்திற்குப் பெரும் பங்குண்டு. ஹாலி வால்மீனை நாம் யாவரும் அறிவோம். அதற்கு அடுத்தபடியாகக் கணக்கிற்குள் அடங்கியது என்கே வால்மீன்.

1786இல் பாரிஸில் மெஷேனும், 1795இல் இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷலும், 1805இல் போன்ஸ் முதலியோரும், 1818இல் மீண்டும் போன்ஸும் கண்டவை வெவ்வேறு வால்மீன்கள் என்றே உலகம் எண்ணியது. ஜெர்மானிய அறிஞர் யோகான் என்கே, நான்கும் ஒன்றே என 1819இல் நிறுவினார். ஏறக்குறைய 1,200 நாட்களுக்கொருமுறை அது கதிரவனைச் சுற்றுகிறது. 5 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி மீள்கிறது. 1822இல் மீண்டும் வரும் என்றார். அவ்வாறே அவ்வாண்டு ஜூனில் ஆஸ்திரேலியாவின் பாரமட்டா வானாய்வகத்தில் ரூம்கர் அதனைக் கண்டார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முந்தியது. விண்வெளியில் பரவிய மெல்லிய பொருளின் தடையே காரணம் என என்கே கருதினார். அம்முந்துதல் பின்னர்க் குறைந்துவரவே அக்கருத்து தளர்ந்தது.

1950இல் அமெரிக்கரான பிரெட் விப்பிள் விடை பகர்ந்தார். வால்மீனின் உட்கரு தூசி கலந்த பனிக்கட்டி. வெப்பத்தால் பனி ஆவியாகிப் பீறிடுகிறது. அவ்வாவியும் தூசியுமே அதற்குப் பொலிவு தருகின்றன. பீறிடும் எதிர்விசையே பாதையையும் சிறிது மாற்றுகிறது. ஆதலின் ஒளியை அளப்போரும் பாதையைக் கணிப்போரும் ஒரே செயலையே ஆராய்கின்றனர்.

உலகம் தம் பெயரைச் சூட்டியும், என்கே அதனைப் போன்ஸின் வால்மீன் என்றே குறித்தார். அவர்தம் கணக்கோடு அப்பண்பையும் நாம் போற்றுவோமாக.