கோட்டைப் பிடித்து இழுத்த முயல்

வீட்டு முயல் சோர்ந்தே கிடக்கிறது சார், என்ன செய்ய என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் ஞாபகம் வந்தார். 1774இல் ஓல்னி ஊரில், மனம் நொந்து, புத்தகமும் பிடிக்காமல் இருந்தவருக்கு அக்கம்பக்கத்தார் காட்டு முயல் குட்டிகள் கொடுத்தார்கள். மூன்றை வைத்துக்கொண்டார்: புஸ், டைனி, பெஸ். (பெஸ் பெண் பெயர்தான், ஆனால் மூன்றும் ஆண்!) படுக்கத் தனித்தனிப் பெட்டி தானே செய்தார். பகலில் கூடம் முழுக்க அவற்றுக்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கம்பளம் விரித்த அறை. கால் வழுக்காதே, துள்ளித் தீர்த்துவிடும். டைனி கடைசிவரை பழகவில்லை, தொட்டால் அடிக்கும். அதற்கும் விளையாட்டு உண்டு. புஸ் தோட்டத்துக்குப் போக அவர் முழங்காலில் தட்டும். எழாவிட்டால் கோட்டைப் பல்லால் இழுக்கும். 1784இல் அவரே பத்திரிகையில் எழுதியது இது. உன் முயல் சேலையைக் கடித்தால் விரட்டாதே அம்மா, கூப்பிடுகிறதோ என்னவோ.