தீயணைப்பு வண்டிகளை அனுப்பும் முறை: பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் வரலாறு

பெருநகரம் ஒன்றில் தீப்பிடித்தவுடன் மூன்று கேள்விகளுக்கு விடை தேவைப்படுகிறது. எந்த நிலையத்திலிருந்து எத்தனை வண்டிகள் செல்ல வேண்டும்? அவை சென்ற பிறகு காலியாகும் பகுதியை யார் காப்பது? தீப்பிடித்த இடத்தில் யார் எங்கே இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்? முதல் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே நல்ல விடை கிடைத்துவிட்டது. மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் தீரவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

மணிக்கூண்டுக் காலம்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூயார்க் நகரின் தீயணைப்பு வீரர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். உயரமான கோபுரங்களில் காவலர்கள் அமர்ந்து புகை தெரிகிறதா என்று பார்ப்பர். தெரிந்தால் மணி அடிப்பர். எத்தனை முறை மணி ஒலிக்கிறது என்பதிலிருந்து நகரின் எந்த வட்டாரத்தில் தீ என்று அறியலாம். ஹார்லெம் பகுதியில் 1850களில் கட்டப்பட்ட இரும்புக் கோபுரம் அக்காலத்தின் நினைவாக இன்றும் உள்ளது.

மணியோசை வட்டாரத்தை மட்டுமே சொன்னது, தெருவைச் சொல்லவில்லை. எந்தக் குழு போக வேண்டும் என்ற வரையறையும் உறுதியாக இல்லை. பல குழுக்கள் ஒரே இடத்துக்கு ஓடின. யார் முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்ற போட்டி கைகலப்பிலும் முடிந்தது. 1865இல் ஊதியம் பெறும் முறையான தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது.

தந்திப் பெட்டி

இதற்கிடையில் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. மருத்துவம் படித்த வில்லியம் சானிங், பொறியாளர் மோசஸ் ஃபார்மர் ஆகியோர் தந்தியைத் தீயறிவிப்புக்குப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினர். 1852இல் அது செயல்படத் தொடங்கியது. தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. பெட்டியின் கைப்பிடியை இயக்கினால் உள்ளிருக்கும் பற்சக்கரம் சுழன்று அந்த எண்ணை மைய அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து நகரின் மணிகள் அதே எண்ணை ஒலிக்கும். தீ எந்தத் தெருமுனைக்கு அருகில் என்பது உடனே தெரிந்துவிடும்.

கருவி நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதை 1872 நவம்பர் 9 அன்று மூண்ட பாஸ்டன் பெருந்தீ உணர்த்தியது. பொய்த் தகவல்களைத் தடுப்பதற்காகப் பெட்டிகள் பூட்டப்பட்டு, சாவிகள் குறிப்பிட்ட சிலரிடமே இருந்தன. அதனால் முதல் அறிவிப்பு தாமதமானது. அப்போது குதிரைகளிடையே தொற்றுநோய் பரவியிருந்ததால் பல வண்டிகளை மனிதர்களே இழுக்க வேண்டியிருந்தது. 776 கட்டடங்கள் அழிந்தன.

அட்டையில் எழுதிய திட்டம்

நியூயார்க் நகரம் தந்திப் பெட்டி முறையை ஏற்று அதனுடன் ஒரு கடுமையான ஒழுங்கைச் சேர்த்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை தயாரிக்கப்பட்டது. முதல் அலாரத்துக்கு எந்த பம்பு வண்டிகள், எந்த ஏணி வண்டிகள், எந்தத் தலைவர் செல்ல வேண்டும் என்பது அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். தீ பெரிதானால் இரண்டாம் அலாரம், மூன்றாம் அலாரம் என ஐந்து வரை கூடுதல் வண்டிகளின் வரிசையும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 423ஆம் எண் பெட்டி என்றால் நிலைய மணி நான்கு முறை ஒலித்து நிற்கும். பிறகு இரண்டு, பிறகு மூன்று. வீரர்கள் ஓசையை எண்ணிக்கொண்டே ஆயத்தமாவர். தங்கள் வண்டியின் எண் அட்டையில் இருந்தால் புறப்படுவர்.

அட்டையில் இன்னொரு பகுதியும் இருந்தது. பெரிய தீக்குப் பல வண்டிகள் சென்றுவிட்டால், தொலைவிலுள்ள எந்த நிலையத்தின் வண்டி காலியான எந்த நிலையத்துக்கு நகர வேண்டும் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு தெருவில் தீயை அணைக்கும்போது அடுத்த தெருவைக் காவலின்றி விட்டுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த முதல் விடை இது.

விரைவாக வந்தும் பயனில்லாத நாள்

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. தொழிற்சாலை 8, 9, 10ஆம் மாடிகளில் இருந்தது. அழைப்பு கிடைத்துச் சில நிமிடங்களில் வண்டிகள் வந்துவிட்டன. ஆனால் ஏணிகள் ஆறாம் மாடி வரைதான் எட்டின. கதவு ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். எத்தனை வண்டிகள், எவ்வளவு விரைவில் என்பதுடன், அந்தக் கட்டடத்துக்கு எத்தகைய வண்டி பொருந்தும் என்பதும் முக்கியம் என நகரம் அறிந்தது. இவ்விபத்துக்குப் பின் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன.

தொலைபேசியும் கணினியும்

1968இல் நியூயார்க்கில் 911 என்ற அவசர எண் வந்தது. அழைப்பைக் காவல்துறை ஏற்றுத் தீயணைப்புத் துறைக்கு மாற்றும். அதே காலத்தில் தீ அழைப்புகளும் பொய் அழைப்புகளும் வேகமாகப் பெருகின. பிராங்ஸ் போன்ற பகுதிகளில் ஒரே இரவில் பல தீ விபத்துகள் நடந்தன. அட்டை போட்ட திட்டம், மற்ற வண்டிகள் எல்லாம் நிலையத்தில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. வண்டிகள் எப்போதும் வெளியிலேயே இருந்தால் அட்டை பயன்படாது.

1969இல் தொடங்கிய நியூயார்க் நகர ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கணிதமாக ஆராய்ந்தனர். ஒரு பகுதியில் ஓய்வாக உள்ள வண்டிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறைந்தால், அடுத்த தீக்கு வண்டி கடக்க வேண்டிய சராசரித் தொலைவு இரு மடங்காகும் என்று அவர்கள் கண்டனர். காலியான நிலையங்களுக்கு எந்த வண்டியை நகர்த்துவது என்பதைக் கணக்கிடும் முறையையும் வகுத்தனர். பின்னர் வண்டிகளை அனுப்பும் பணியில் கணினி இடம்பெற்றது.

இதே நிறுவனத்தின் கணக்குகள் 1970களில் சில நிலையங்களை மூடுவதற்கும் ஆதாரமாகக் காட்டப்பட்டன. தீ அதிகமாக இருந்த ஏழைப் பகுதிகளிலும் நிலையங்கள் மூடப்பட்டன. பயண நேரத்தை மட்டும் அளந்தவர்கள் ஒரே நேரத்தில் பல தீ எரியும் நிலையைப் போதிய அளவு எண்ணவில்லை என்று விமர்சகர்கள் கூறினர். அக்காலத்தில் தெற்கு பிராங்ஸின் பெரும்பகுதி எரிந்து பாழானது.

களத்தில் யார் தலைவர்?

மூன்றாம் கேள்வி பெரிய அளவில் எழுந்தது அமெரிக்காவின் மறுகோடியில். 1970இல் தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது பல ஊர்களின் படைகள் ஒன்றாகத் திரண்டன. ஒவ்வொரு படைக்கும் தனிச் சொற்கள், தனி வானொலி அலைவரிசை, தனித் தலைமை. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. இதற்குத் தீர்வாக ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டமைப்பு, சம்பவக் கட்டளை முறையை உருவாக்கியது. பொதுவான சொற்கள், தெளிவான தலைமை, ஒரு மேலாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர் என்பவை அதன் அடிப்படைகள். வரும் வண்டிகள் நேரே தீக்குள் பாயாமல் குறித்த இடத்தில் காத்திருந்து ஆணை பெற வேண்டும் என்பதும் ஒரு விதி.

2001 செப்டம்பர் 11

உலக வணிக மையத் தாக்குதலின்போது இம்மூன்று கேள்விகளும் ஒன்றாக எழுந்தன. 9 மணிக்கு வீரர்கள் பணி மாறும் நேரம். பணி முடிந்தவர்களும் வண்டிகளில் ஏறிச் சென்றனர். அதனால் பல வண்டிகளில் இருந்தவர்களின் எண்ணிக்கை பட்டியலுடன் பொருந்தவில்லை. பல குழுக்கள் காத்திருக்கும் இடத்தில் பதிவு செய்யாமல் நேரே கோபுரங்களுக்குள் சென்றன. 9:59க்குத் தெற்குக் கோபுரம் இடிந்தது. வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறும்படி உடனே ஆணை பிறந்தது. ஆனால் வானொலிக் குறைபாட்டால் அது பலரை எட்டவில்லை. எட்டியவர்களில் பலருக்கும் அடுத்த கோபுரம் இடிந்துவிட்டது என்று தெரியாது. 911இல் அழைத்த பொதுமக்களுக்கும் களத் தலைவர்களின் வெளியேற்ற முடிவு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. அன்று தீயணைப்புத் துறையினர் 343 பேர் உயிரிழந்தனர்.

அதன்பின் நியூயார்க் துறை தன் தலைமையகத்தில் செயல்பாட்டு மையம் ஒன்றை அமைத்தது. வண்டியில் உள்ளோரின் பட்டியலை மின்னணு முறைக்கு மாற்றியது. கலிபோர்னியாவில் பிறந்த கட்டளை முறை 2004இல் நாடு முழுவதற்குமான முறையின் பகுதியாயிற்று.

பணியில் ஒரு வீரர் இறந்தால் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கும்படி அறிவிக்கும் குறி, ஐந்து ஐந்தாக நான்கு முறை ஒலிக்கும் மணி. அது தந்திக் காலத்திலிருந்து வருவது. இந்தக் குறி ஒலிக்கும் நாட்களைக் குறைப்பதற்கு, சென்றவர் எங்கே இருக்கிறார், திரும்பிவிட்டாரா என்ற கணக்கைச் சரியாக வைத்திருப்பதும் வண்டியை விரைந்து அனுப்புவதைப் போலவே இன்றியமையாதது.