அலைவரிசை மாறினாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. சரித்திரம் படிப்பிக்கிற ஆட்கள் எழுதினால் அப்படித்தான் வரும். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கடைசியில் உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது.

2024 ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. விஜய் தொலைக்காட்சியில் 2019 முதல் ஓடிய 'குக் வித் கோமாளி' இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதைத் தயாரித்த மீடியா மேசன்ஸ் நிறுவனம் சன் தொலைக்காட்சிக்குப் போனது. நடுவராக இருந்த வெங்கடேஷ் பட்டும் அங்கே போனார். 'டாப் குக்கு டூப் குக்கு' என்ற புதுப் பெயரில் அங்கே நிகழ்ச்சி தொடங்கியது. விஜயிலோ பழைய பெயரிலேயே ஐந்தாவது சீசன் ஓடியது. தாமு அங்கேயே இருந்தார், பக்கத்துக் கதிரையில் மாதம்பட்டி ரங்கராஜ் வந்து அமர்ந்தார்.

"பட் இல்லாத கோமாளியை யார் பார்க்கிறது?" என்றார் ஒரு ரீச்சர். "பெயர் எங்கே இருக்கோ அங்கேதான் நிகழ்ச்சி" என்றார் கணித ஆசிரியர். "அவை சமைச்சதில் ஒரு கரண்டிகூட உங்களுக்கு வரப்போறதில்லை, பிறகேன் சண்டை?" என்று தேநீர் கொண்டுவந்த அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனோம். ஆனால் கேள்வி எங்களோடு வந்துவிட்டது. ஒரு நிகழ்ச்சி என்பது எது? பெயரா, ஆளா, அலைவரிசையா? அது இடம் மாறும்போது வீட்டில் இருந்து பார்த்தவருக்கு ஏன் வலிக்கிறது?

இந்த வழக்கு புதியதல்ல. இதன் பழைய அத்தியாயம் ஒன்று எங்கள் கொழும்பிலேயே இருக்கிறது. 1952 இல் இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கத் தொடங்கியது. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி. அவர் மும்பாயில் பேசிப் பதிவு செய்வார், ஒலிநாடா கொழும்புக்கு வரும், இங்கிருந்து இந்தியா முழுவதும் கேட்கும். புதன்கிழமை இரவு என்றால் வானொலியைச் சுற்றிச் சனம் கூடும். இந்திய வானொலிக்குப் பிறகு புத்தி வந்து, 1957 இல் விவித பாரதி தொடங்கியது. என்றாலும் கீத்மாலா உடனே அங்கே போகவில்லை. 1989 இல்தான் விவித பாரதிக்கு மாறியது. முப்பத்தாறு வருடப் பழக்கம் அறுந்தாலும் நேயர்கள் அறுந்து போகவில்லை. காரணம், நிலையம் மாறியபோதும் பேசியவர் மாறவில்லை. 2024 பெப்ரவரியில் அமீன் சயானி காலமானபோதும் அவர் பெயருக்குப் பக்கத்தில் எல்லோரும் எழுதியது கீத்மாலாவைத்தான்.

தமிழில் இதற்குச் சமமாக எங்கள் வீடுகளில் இருந்தது 'பாட்டுக்குப் பாட்டு'. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீட் நடத்தியது. பின்னர் அதே நிகழ்ச்சி கடல் தாண்டி சன் தொலைக்காட்சியில் 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' ஆனது. வானொலி தொலைக்காட்சி ஆனது, கொழும்பு சென்னை ஆனது, முன்னால் ஒரு நகைக்கடையின் பெயரும் சேர்ந்தது. இவ்வளவு மாறியும் அது அதே நிகழ்ச்சிதான் என்பதில் ஒருவருக்கும் ஐயம் வரவில்லை. திருத்தமான அந்தத் தமிழ் உச்சரிப்பு வந்த உடனே, அடுப்படியில் நின்ற ஆள்கூட முன்னறைக்கு வந்துவிடுவார்.

எங்கள் குடும்பத்துக்கு அந்த நிகழ்ச்சி இன்னொரு விதத்திலும் நெருக்கம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. சோனகத் தெரு வீட்டில் வாப்பா ஆசையாக வைத்திருந்த வானொலிப் பெட்டியும் அங்கேயே நின்றுவிட்டது. எங்களுக்கு அந்த நாள் நினைவில்லை, கைக்குழந்தைப் பருவம். நினைவு இருப்பதெல்லாம் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்கள்தான். மாலையில் மணலில் வட்டமாக இருந்து பிள்ளைகள் பாட்டுக்குப் பாட்டு விளையாடுவோம். வானொலியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு அண்ணன் ஹமீட் போலக் குரலை இறக்கிப் பேசி நடுவராக இருப்பார். தகரக் கோப்பையில் கரண்டியால் தட்டினால் பாட்டை நிறுத்த வேண்டும். நின்ற இடத்து எழுத்தில் மற்றப் பக்கம் தொடங்க வேண்டும். பிறகு ஒருநாள், கேபிள் வந்த ஒரு வீட்டு விறாந்தையில் முப்பது நாற்பது பேர் நெருக்கி இருந்து சன் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தோம். உம்மும்மா திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அதே குரல்தான்" என்று மட்டும் சொன்னார்.

வீடு, ஊர், பெட்டி எல்லாம் மாறிய ஆட்களுக்கு மாறாத ஒரு குரல் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று விளங்கவில்லை. இன்று விளங்குகிறது. பார்வையாளர் அடம்பிடிக்கிறார்கள் என்று நாம் சிரிப்பது உண்டு. அது அடம் அல்ல. வாழ்க்கையில் ஒன்றாவது சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை.

ஆனால் ஆளும் மாறி அலைவரிசையும் மாறினால்? அதற்கும் தமிழில் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரித்தானியாவின் ஐரிவியில் 1998 செப்டெம்பர் 4 இல் ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சி தொடங்கியது. பதினைந்து கேள்வி, மூன்று உதவி, பயமுறுத்துகிற இசை, இருட்டில் ஒரு கதிரை. இந்த அமைப்பு முழுவதையும் ஒரு பொதியாகக் கட்டி உலகம் எங்கும் விற்றார்கள். ஹிந்தியில் அது 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சனோடு வந்தது. 2007 இல் கதிரைக்கு ஷாருக் கான் வந்தார். போட்டியாளர்களைக் கட்டியணைத்து, பகிடி விட்டு, தன் வழியில் நடத்தினார். சனம் ஒவ்வொரு நாளும் முன்னவரோடு வைத்து அளந்தது. 2010 இல் நிகழ்ச்சி சோனிக்கு மாறியபோது பச்சன் திரும்பி வந்தார். அலைவரிசை மாறியதைப் பற்றி அதன்பிறகு அதிகம் பேச்சில்லை.

தமிழில் கதை இன்னும் நீளம். 2000 இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்'. 2012 இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. அடுத்த ஆண்டு அதே கதிரையில் பிரகாஷ் ராஜ், 2016 இல் அரவிந்த் சுவாமி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகாவின் 'கோடீஸ்வரி', பெண்களுக்கு மட்டும். பத்தொன்பது வருடத்தில் மூன்று அலைவரிசை, ஐந்து தொகுப்பாளர்கள். ஒவ்வொரு முறையும் "முந்தினவர் போல இல்லை" என்ற முறைப்பாடு எழுந்தது. ஆனால் அந்தக் கடைசி மாற்றத்தில்தான், 2020 ஜனவரியில், செவிப்புலனும் பேச்சும் இல்லாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ரூபாயை வென்றார். முன்னவர்களைப் போலச் செய்யாமல், பெண்களுக்கென்று கதவைத் திறந்ததால் வந்த வெற்றி அது. மாற்றம் எல்லாமே நட்டம் அல்ல.

லண்டனில் இருக்கிற எங்கள் உறவுகளுக்குத் தெரிந்த கதை ஒன்றும் உண்டு. பிபிசியின் பேக்கிங் போட்டி, 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஓஃப்'. 2015 இல் நாதியா ஹுசைன் வென்றாரே, அதுதான். 2016 செப்டெம்பரில் அது சனல் 4 க்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. தொகுப்பாளர்கள் மெல், சூ இருவரும் தாங்கள் போகவில்லை என்று உடனேயே பகிரங்கமாகச் சொன்னார்கள். மூத்த நடுவர் மேரி பெரியும் விலகினார். போல் ஹொலிவூட் மட்டும் கூடப் போனார். கூடாரத்தோடு எல்லாம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். 2017 ஓகஸ்டில் புது முகங்களோடு தொடங்கி, அது பல வருடம் நன்றாகவே ஓடியது. போகாதவர்களுக்கும் மரியாதை குறையவில்லை. ஏனென்றால் அவர்கள் ஒளித்துப் போகவில்லை, சொல்லிவிட்டு விலகினார்கள். வெங்கடேஷ் பட்டும் அப்படித்தான், புதிய சீசனில் தான் இல்லை என்பதைத் தானே முன்கூட்டிச் சொன்னார். எங்கள் ஓய்வறை வழக்கு ஒரு மாதத்தில் ஆறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெயரை வாங்கலாம், கதிரையையும் இசையையும் வாங்கலாம். பழக்கத்தை வாங்க முடியாது. அது பார்ப்பவரிடம் இருக்கிறது. அதனால் போகிறவருக்கு ஒரு கடமை உண்டு, சொல்லிவிட்டுப் போவது. இருக்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு, வருகிறவருக்குக் கொஞ்சக் காலம் கொடுப்பது.

இந்த இரண்டையும் எங்களுக்குப் படிப்பித்தது தொலைக்காட்சி அல்ல, உங்கள் பிள்ளைகள். ஆசிரிய கலாசாலை முடித்து, சில வருடம் வேறு இடத்தில் இருந்துவிட்டு, இணுவிலுக்கு நாங்கள் வந்தது ஒரு தவணையின் நடுவில். எங்களுக்கு முன் அந்த வகுப்பில் இருந்தவர் பிள்ளைகளுக்கு உயிர். இடமாற்றக் கடிதம் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, திங்கட்கிழமை அவர் இல்லை. ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதல் கிழமை முழுவதும் எங்களுக்குக் கேட்டது ஒரே வசனம்: "அந்த ரீச்சர் இப்படிச் சொல்லித் தாறேல்லை." ஒரு பிள்ளை கரும்பலகையின் மூலையில் அவர் எழுதிய திகதியை அழிக்க விடவில்லை. நாங்களும் அழிக்கவில்லை. மூன்றாவது கிழமை அந்தப் பிள்ளையே வந்து அழித்துவிட்டு, அன்றைய திகதியை எழுதிவிட்டுப் போனது. அன்று முதல் அது எங்கள் வகுப்பு.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நோன்பு காலத்தில் தண்ணீர்ப் போத்தலை எங்களுக்கு முன் திறக்காமல் பின்வாங்குக்குப் போய்க் குடித்த பிள்ளைகள் இவர்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டு வந்தோம், தைப்பொங்கலுக்கு எத்தனையோ வீட்டுப் பொங்கல் எங்கள் மேசைக்கு வந்தது.

இனி அந்தச் செய்தி. எங்களுக்கும் இடமாற்றம் வந்துவிட்டது. அடுத்த வருடம் வேறு பாடசாலை. பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை நாங்களே நேரில் சொல்லிவிட்டோம். இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர், "அப்ப ரீச்சர், இனி நீங்கள் எந்தச் சனல்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். புதிதாக வருகிறவரை முதல் மாதம் எங்களோடு வைத்து அளக்காதீர்கள். அளந்தாலும் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லாதீர்கள். அவர் தன் வழியில் படிப்பிக்கட்டும். கரும்பலகை மூலையில் எங்கள் திகதி கொஞ்ச நாள் இருந்தால் பரவாயில்லை. அதைப் பிள்ளைகளே அழிப்பார்கள்.

எங்கள் குடும்பம் ஒருமுறை சொல்லாமல் போக வேண்டி வந்தது. இந்த முறை சொல்லிவிட்டுப் போகிறோம். போய் வருகிறோம்.