ஜனவரி 1 என்னும் கோடு

பெங்களூர் சிவாஜிநகருக்குப் பழைய பெயர் பிளாக்பள்ளி. 1809-இல் வெள்ளைக்காரப் படை பெங்களூரில் தண்டு இறங்கிய பிறகு, அதை நம்பிப் பிழைக்க வந்த தமிழர்களும் முஸ்லிம்களும் குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று. சிப்பாய்கள் மைதானத்தில் ஆடிய கால்பந்து தண்டின் தெருக்களுக்குள்ளும் வந்தது. பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1937-இல் வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ்தான் அதைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி. மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். எதிரணி பிரான்ஸ், நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அணியில் இருந்த இன்னொரு பெங்களூர்க்காரர் அஹமது கான். அவர் பிறந்தது 1926 டிசம்பர் 24. அந்த டிசம்பர்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

இந்தியாவின் இன்றைய இளையோர் கால்பந்தில் வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. இந்தியா நடத்திய 2017 பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கும் 2000 ஜனவரி 1-தான் எல்லை. ஒரே ஆண்டில் பிறந்தாலும், ஜனவரிப் பையனுக்கும் டிசம்பர்ப் பையனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரே ஆண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வளர்பவர்கள் உண்டு. டிரையல்ஸ் அன்று அரை மணி நேரம் ஆட விட்டுப் பார்க்கும் பயிற்சியாளர் கண்ணில், தோளால் இடித்துப் பந்தைப் பறிப்பவன்தான் முதலில் படுவான். தேர்வானவனுக்கு நல்ல மைதானம், நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள் எல்லாம் கிடைக்கும்; இரண்டு வருடத்தில் அவன் உண்மையாகவே சிறந்த ஆட்டக்காரன் ஆகிவிடுவான். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கால்பந்தில் இதற்கு வலுவான சான்று பெல்ஜியம். 1997-இல் அங்கே எல்லைத் தேதியை ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதுவரை இளையோர் அணிகளில் மிகுந்திருந்த ஆகஸ்ட், செப்டம்பர்ப் பிள்ளைகள் குறைந்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுந்தார்கள். பிறந்த மாதத்துக்கே ஏதோ ராசி இருக்கிறது என்று எண்ணுகிறவர்களுக்கு இது போதும். ராசி மாதத்தில் இல்லை, அலுவலகம் போட்ட கோட்டில் இருக்கிறது.

தண்டுப் பகுதியின் பழைய ஆட்டத்தில் அந்தக் கோடு இல்லை. தெருவில் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுப் பெரிய பையன் எல்லாரும் ஒரே பந்தைத்தான் துரத்துவார்கள். இடித்துத் தள்ள முடியாத சின்னவன் பந்தைக் காலடியில் வைத்து ஏமாற்றக் கற்றுக்கொள்வான். அஹமது கானின் பெயர் நிலைத்ததும் அப்படிப்பட்ட கால்வித்தையால்தான். ஒரே ஒருவரின் பிறந்தநாளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று சொன்னால், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தலைமுறையின் பிறந்த தேதிகளில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்டுக்கொடுத்தவை எத்தனையோ. பழைய முறை எல்லாருக்கும் நியாயமாக இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. காசில்லாதவனையும் பெண் பிள்ளைகளையும் அது வெளியே நிறுத்தியது. நான் சொல்வது, டிசம்பரில் பிறந்தவனைப் பதின்மூன்று வயதில் கழித்துக்கட்டும் ஏற்பாடு அதில் இல்லை என்பதைத்தான்.

இந்தியாவில் பெரிய நோய் வயது மோசடி, மாதக் கணக்கு அப்புறம்தான் என்பது இதைவிட வலுவான மறுப்பு. மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் முறை அதற்காகத்தான் வந்தது, வரவேண்டியதும்தான். ஆனால் அது கூடுதல் வயதுக்காரனை வெளியேற்றுமே தவிர, சட்டப்படி பதினோரு மாதம் மூத்தவனையும் இளையவனையும் சமமாக்காது. பிந்திய மாதத்தில் பிறந்தும் தப்பிப் பிழைத்தவர்கள் பிற்பாடு மற்றவர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள், ஆகவே இதுவும் ஒரு பயிற்சிதான் என்பார்கள் வேறு சிலர். முற்பாதி சரி. ஆனால் தப்பியவர்களை மட்டும் எண்ணி, தப்பாதவர்களை விட்டுவிடும் கணக்கு அது.

வயதை விட்டு உயரத்தை அளவாக வைத்த பந்தயங்கள் வங்காளத்தில் ஒரு காலத்தில் பரவலாக நடந்தன. கோலால் அளந்து உள்ளே விடுவார்கள். உடல் வளர்ச்சியைப் பார்த்துப் பிரிக்கும் முறையை இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் இப்போது முயன்று பார்க்கின்றன. இதைவிட எளிய வழி ஒன்று நெதர்லாந்தில் சோதிக்கப்பட்டு 2017-இல் வெளியானது. ஆட்டக்காரர்களின் பிறந்த தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்தபோதும் தேர்வாளர்களின் சாய்வு மாறவில்லை. வயது வரிசையிலேயே சட்டை எண்களைக் கொடுத்து, அதைச் சொல்லியும் வைத்தபோது சாய்வு மறைந்தது. பெங்களூரில் டிரையல்ஸுக்கு வரும் பையன்கள் பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் எண் போட்ட சட்டையை வாங்குகிறார்கள். அந்தச் சான்றிதழ்களைத் தேதி வரிசையில் அடுக்கிவிட்டு எண்களைக் கொடுக்க, மேசையில் இருப்பவருக்குக் கால் மணி நேரம் பிடிக்கும்.