கொள்ளைநோயும் பட்டறை நெல்லும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய இருபது மைல் தொலைவில் அமைந்த ஊர் மண்டூர். சூரியன் எழும் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும், அவன் மறையும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். எழுவான்கரையிலே கடலும் பெருந்தெருவும் சந்தையும் பெரிய வைத்தியசாலையும் உள்ளன. படுவான்கரையிலே வயலும் குளமும் மாடு மேயும் வெளியும் உள்ளன. ஆகவே இரு கரையாரும் நாள்தோறும் வாவியைக் கடந்தே வாழவேண்டியவராயினர். மண்டூருக்கும் எதிர்க்கரையிலுள்ள குருமண்வெளிக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் பகுதியிற் 'பாதை' என்று பெயர். வெளியூரார் இச்சொல்லைக் கேட்டு மயங்குவதுண்டு. நீரின்மேற் செல்லும் தெரு அதுவாதலின் அப்பெயர் பொருத்தமே. கொள்ளைநோய்க் காலங்களிலே மக்களின் தொழிலும் உணவும் எவ்வாறு நிலைகுலைந்தன என்பதை இந்தப் பாதையின் துறையில் நின்று நோக்குவோமாயின், ஒன்று புலப்படும். நோய் வீட்டு வாயிலை வந்தடையுமுன்பே ஊருக்கு வரும் வழியை மறித்துவிடுகின்றது. வழி மறிக்கப்பட்ட நாளில் வீட்டினுள்ளே என்ன இருக்கின்றதென்பதே உயிர்ப் பிரச்சினையாகின்றது.

பழங்காலத்தார் இதனை நன்கறிந்திருந்தனர். அம்மையும் வாந்திபேதியும் ஆண்டுதோறும் அஞ்சப்பட்ட காலத்திலே, மட்டக்களப்புத் தமிழர் கண்ணகை அம்மனிடம் முறையிட்டனர். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசி மாதத்திலே சடங்கு நடந்து, திருக்குளிர்த்தியுடன் நிறைவுறும். வெம்மையால் வந்த நோயைக் குளிர்வித்து ஆற்றுதலே அதன் கருத்து. மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் ஊரார் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடியதும் உண்டு. இன்று வசைச்சொல்லாகவே எஞ்சி நிற்கும் 'கோதாரி' என்பதும் ஒருகாற் கொள்ளைநோயின் பெயராயிருந்ததே. பாட்டிமார் அதைச் சொல்லித் திட்டும்போது எத்துணைப் பெரிய அச்சத்தை வாயில் எடுத்தார்கள் என்பதை நாம் எண்ணுவதில்லை.

உலகம் முழுவதையும் ஒருங்கே தாக்கிய நோய் 1918 ஆம் ஆண்டின் இன்புளுவன்சாக் காய்ச்சல். முதலாம் உலகப் போரின் இறுதியிலே கப்பல்களோடும் படைகளோடும் அது பயணஞ்செய்தது. இலங்கைக்குள்ளும் அது துறைமுகங்களின் வழியே புகுந்தது. இத்தீவில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்களை, அதாவது அக்கால மக்கட்டொகையில் நூற்றுக்கு ஆறேழு பேரை, அது கொண்டுபோயிற்று எனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். பிற நோய்கள் குழந்தைகளையும் முதியோரையும் தேடிச் செல்ல, இதுவோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட உழைப்பாளிகளையே பெரிதும் வீழ்த்திற்று. உழுபவனும் விதைப்பவனும் பாயிற் கிடந்தால் வயலின் நிலை என்னாகும்? நோய் பரவிய 1918 இன் கடைசி மாதங்களோ பெரும்போக விதைப்பின் மாதங்கள்.

இன்புளுவன்சாவின் பின்னே அரிசிப் பஞ்சம் வந்தது. 1918 இல் இந்தியாவிலே பருவமழை பொய்த்தது. பர்மாவின் அரிசி இந்தியாவின் பசிக்கே திருப்பப்பட்டது. தேயிலையும் றப்பரும் தெங்கும் பயிரிட்டு, உண்ணும் அரிசியின் பெரும்பகுதியைக் கடல் கடந்து தருவித்துப் பழகிய இலங்கை, 1919 இலும் 1920 இலும் வெறுங்கையோடு நின்றது. விலை ஏறிற்று, அரசாங்கம் அரிசியைக் கட்டுப்படுத்திப் பங்கிட நேர்ந்தது. ஆயினும் மட்டக்களப்புக்கு ஒரு காப்பு இருந்தது. இங்கு புகையிரதம் வந்ததே 1928 ஆம் ஆண்டில்தான். விளைந்த நெல் முழுவதையும் ஒரே வாரத்தில் வெளியே ஏற்றிவிட அக்காலத்தில் வசதியில்லை. போடியார் வீட்டிலே நெற்பட்டறை இருந்தது. முல்லைக்காரரும் அருவிவெட்டுக்காரரும் கூலியை நெல்லாகவே, அவணத்தாலும் மரைக்காலாலும் அளந்து பெற்றனர். ஏழையின் குடிசையிலும் ஒரு மூலையில் நெல் இருந்தது. போடியாரின் ஆட்சியை நான் புகழ வரவில்லை; அதன் கொடுமைகளையும் எங்கள் ஊரார் அறிவர். ஆனால் நெல்லாகப் பெற்ற கூலியை எந்த விலையேற்றமும் தின்றுவிட முடியாது என்ற உண்மையை மறுத்தற்கில்லை.

1934–35 ஆம் ஆண்டு மலேரியாவோ வேறு வகையானது. 1934 இல் தென்மேற்குப் பருவமழை தவற, ஈரவலயத்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அவற்றிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் ஏழு மாதத்துக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர்; நோயுற்றோர் தொகை 15 இலட்சம் எனப்பட்டது. கிழக்கு மாகாணம் அவ்வாறு வீழவில்லை. காரணம் பெருமைக்குரியதன்று. எங்கள் உலர்வலயத்திலே மலேரியா விருந்தாளியன்று, குடியிருப்பாளி. குழந்தைப் பருவத்திலேயே காய்ச்சலுக்கு இரையாகித் தப்பியவர்களே வளர்ந்தவர்களாயிருந்தனர். மேற்கிலே அக்காலத்திற் கொயினா மாத்திரையோடு 'மார்மைற்' என்னும் சத்துணவும் பங்கிடப்பட்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர் அதை வீடு வீடாகச் சுமந்தனர். நோயாளருக்கு மருந்தோடு உணவும் வேண்டுமென்பதை உணர்ந்திருந்தவர் அவர்கள். பசித்த உடலிலே கொயினா என்ன செய்யும்? 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழே மலேரியா நோயாளர் காணப்பட்டனர். பின்னர் அது மீண்டும் தலைதூக்கிப் பல்லாண்டு வருத்திற்று. 2016 செப்தெம்பரிலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுரைத்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் மாதத்தில் இலங்கையர் ஒருவரிடம் கொரோனாத் தொற்று இந்நாட்டிலே கண்டறியப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து வந்தோரைத் தனிமைப்படுத்திய முதல் நிலையங்களுள் ஒன்று எமது மாவட்டத்துப் புனானையிலேயே அமைந்தது. மார்ச் 13 ஆம் நாள் பாடசாலைகள் மூடப்பட்டன. 20 ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு நாடளாவிய ஊரடங்கு வந்தது. ஊரடங்கு என்றால் படுவான்கரைக்குப் புதிதன்று. போர்க்காலத்திலே உணவும் எரிபொருளும் மருந்தும் சோதனைச் சாவடிகளில் எண்ணி அளந்து அனுப்பப்பட்டதையும், 2007 இல் மக்கள் கூட்டங்கூட்டமாய் வாவி கடந்து இடம்பெயர்ந்ததையும் எங்கள் ஊரார் கண்டவர்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பத்திரப்படுத்தும் பழக்கம் அவர்களை விட்டு இன்னும் நீங்கவில்லை.

அந்த மார்ச் மாதம் பெரும்போக அறுவடை முடிந்திருந்த காலம். வயலெல்லாம் விளைந்து வெட்டியாயிற்று. அப்படியாயின் நெல்லறுத்த ஊரிலே அரிசிக்குத் தட்டுப்பாடு வரலாமா? வந்தது. அதற்குரிய காரணத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இக்காலத்திலே நெல்லை வெட்டுவது இயந்திரம். வெட்டிய நெல் களத்துக்கும் வருவதில்லை, வீட்டுக்கும் வருவதில்லை. ஈரங்காயாமலே வயல் வரம்பில் மூடை கட்டி, காத்து நிற்கும் லொறியில் ஏற்றப்பட்டு, வெளியூர் ஆலைகளுக்குச் சென்றுவிடுகின்றது. உழவு இயந்திரக் கூலி, பசளைக் கடன், கடைக் கடன் ஆகிய யாவும் அறுவடை நாளையே பார்த்திருப்பதால், கமக்காரன் நெல்லை ஒரு மாதமேனும் வைத்திருக்க இயலாது. பின்பு அதே நெல்லை அரிசியாக, பொதியிலே பெயர் பொறித்து, கூடிய விலைக்குக் கடையில் வாங்குகின்றான். வழி திறந்திருக்கும்வரை இவ்வேற்பாட்டின் குறை தெரியவில்லை. வழி மூடிய அன்று தெரிந்தது. வெட்டுக்காரருக்கோ இப்போது வேலையும் குறைவு, கூலியும் பணமாகவே. ஊரடங்கு வந்தபோது கையிலே பணமிருந்தவனுக்குக் கடை இல்லை. கடை திறந்த அன்று நாட்கூலிக்காரனுக்குப் பணமில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நீதியன்று. ஏப்பிரலிலும் மே மாதத்திலும் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. கிராம அலுவலர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் ஓய்வின்றி அலைந்தனர். ஆனால் சில கட்டளைகள் நகைப்புக்கிடமாயின. மார்ச் நடுப்பகுதியில் மைசூர்ப் பருப்புக்குக் கிலோ 65 ரூபா, தகர மீனுக்கு 100 ரூபா என உச்ச விலை விதிக்கப்பட்டது. விதித்த உடனே பருப்பு கடைகளிலிருந்து மறைந்தது. ஏப்பிரல் முடிவிலே அக்கட்டளையே நீக்கப்பட்டது. ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலும் உள்ள எங்களுக்குத் தகர மீனின் விலையைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். இறாலும் நண்டும் பிடிப்பவனுக்கு அவற்றை விற்றாலன்றி அரிசியில்லை. விற்பதற்கோ வெளியூர் வியாபாரி வரவேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரிலே கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவி, சந்தை மூடப்பட்டபோது, கடலோரம் எங்கும் மீன் விலை வீழ்ந்தது. மீனால் நோய் வருமென்ற வீண் பயத்தால் மக்கள் மீனையே வெறுத்தனர். அப்பயத்தைப் போக்குவதற்கென முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையிலே பச்சை மீனைக் கடித்துக் காட்டியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிலே, கதிர்காம முறைப்படி, பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டே பூசை புரிவார்; மந்திரம் ஓதுவதில்லை. சின்னக்கதிர்காமம் எனப்படும் அக்கோயிலின் வழக்கத்தை அறிந்த முதியோர் சிலர், 'இப்போது நாடு முழுவதும் கப்புகனார்தாம்' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர். ஆனால் மனம் நொந்த செய்திகளும் பல உண்டு. இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்ற ஆணை 2020 ஏப்பிரலில் வந்தது. அடக்கஞ் செய்வதையே சமயக் கடனாகக் கொண்ட முஸ்லிம் சகோதரர்களை அது பெரிதும் வருத்திற்று. 2021 மார்ச்சிலே எமது மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டபோது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உடல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. தந்தையின் அடக்கத்துக்காக நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்த பிள்ளைகள், இதற்கு முன் அவ்வூரின் பெயரைக் கேட்டறியாதவர்கள்.

மத்திய கிழக்கிலே வீட்டு வேலைக்குச் சென்ற தாய்மார் எங்கள் பகுதியில் ஏராளம். 2020 மார்ச் 19 முதல் 2021 சனவரி 21 வரை வழமையான விமானப் பயணிகளுக்குக் கட்டுநாயக்கா மூடிக் கிடந்தது. சிறப்பு விமானத்தில் இடங்கிடைத்தவர் சிலரே. தவணை முடிந்தும் திரும்ப முடியாத தாயையும், அவள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்துப் பாட்டியோடு இருந்த பிள்ளைகளையும் ஆசிரியர் யாவரும் அறிவோம். அப்பிள்ளைகளுக்கே நாம் கைபேசியிற் பாடம் அனுப்பினோம்! வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் காலையில் தந்தையோடு வயலுக்குப் போய்விடும். அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி வாவிக் கரைக்கும் குளக்கட்டுக்கும் மாணாக்கர் சென்றனர். ஆகஸ்டில் நடக்கவேண்டிய உயர்தரப் பரீட்சை ஒக்டோபர் 12 இல் தொடங்கிற்று. அதற்குள் இரண்டாம் அலை எழுந்துவிட்டது. 2021 ஒக்டோபர் 21 இல், இருநூறு மாணாக்கருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளே முதலில் திறக்கப்பட்டன. சிறுமையே சலுகையாகியமையால், பெரிய பாடசாலைகளுக்கு முன்னே எம் கிராமத்துச் சிறிய பாடசாலைகளின் மணி ஒலித்தது. அன்று வராத பிள்ளைகளுட் சிலர் பின்பும் வரவில்லை. பையன்கள் மேசன் வேலைக்கும் மாடு மேய்ப்புக்கும் போய்ப் பழகிவிட்டார்கள்.

நோயின் கடைசித் தாக்குதல் வயலிலே விழுந்தது. உல்லாசப் பயணிகளின் வரவு நின்றமையும் முன்னமே பெருகிய கடனும் சேர்ந்து நாட்டின் வெளிநாட்டுச் செலாவணியை வற்றச்செய்தன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. சேதனப் பசளையே உடலுக்கு நல்லதென்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். நல்லதாயிருக்கலாம், ஆனால் ஒரு போகத்துக்குள் அத்தனை வயலுக்கும் வேண்டிய எருவை எங்கே பெறுவது? நவம்பரிலே தடை நீங்கியபோது விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. பசளையும் வந்து சேரவில்லை. யூரியா காணாத பயிர் மஞ்சள் பாரித்து நின்றது. 2022 தொடக்கத்துப் பெரும்போக விளைச்சல் நாடு முழுவதும் பெரிதும் குறைந்தது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பாகவே இந்தியாவிலிருந்து அரிசிக் கப்பல் வந்தது. மே மாதத்திலே தமிழ்நாட்டு மக்களின் அன்பளிப்பாக 9,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்தும் கொழும்புத் துறைமுகத்தை அடைந்து, மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற மட்டக்களப்பும் அதிலே தன் பங்கைப் பெற்றுக்கொண்டது.

அதன் பின்பு படுவான்கரையிற் சில வீடுகளிலே, அறுவடை நாளில் எத்தனை கடன்காரர் வந்து நின்றாலும், லொறியில் ஏற்றாமல் நாலைந்து மூடை நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோகின்றார்கள். பட்டறை கட்ட அறிந்த கைகள் இப்போது அருகிவிட்டமையால், அம்மூடைகள் விறாந்தையின் சுவரோரமாகப் பலகையின்மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன.