கடையும் உடலும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஆள் நான். மது எதிர்ப்பு என்றாலே பெண்கள் கடையை மறித்து உட்காருவதுதான் எனக்கும் ஞாபகம் வரும். அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கனவே குடித்துவிட்டவரை என்ன செய்வது? நமது மதுவிலக்கு வரலாறு இதைக் கேட்டதே இல்லை.

1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார். 1971இல் விலக்குத் தளர்ந்தது, 1974இல் திரும்பியது. 1981இல் சாராயக் கடைகள் திறந்தன, 1987இல் மூடின. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. திறப்பதும் மூடுவதுமான இந்தச் சொல்லாடலில் குடிப்பவர் ஒன்று குற்றவாளி, இல்லாவிட்டால் வருமானம். நோவுகிற உடலாக அவருக்கு இடமில்லை.

2024 ஜூனில் வெள்ளாற்றுக்கு அக்கரையில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெண்களும் அதில் உண்டு. சாராயச் சாவு இல்லை என்றுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மாற்று மருந்து கொடுத்தால், ரத்தத்தைச் சுத்திகரித்தால் பிழைக்க வழியுண்டு. போலீஸ் பயமும் மானமும் அதிகாரத்தின் மறுப்பும் தின்பது அந்த மணி நேரத்தைத்தான்.

கடையை மறித்த அதே பெண்கள் குழுக்கள் இன்னொன்றும் செய்யலாம். "என்ன குடிச்சே? கூட யாரெல்லாம் குடிச்சாங்க? கண்ணு மங்குதா?" என்று திட்டாமல் கேட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்பவரையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இதைச் சமரசம் என்பவர்கள் கருணாபுரத்துக்கு ஒருமுறை போய்வரட்டும்.